ரெண்டு விசில்

மாசி 24, ஞாயிறு

காலையிலிருந்து வாசலில் மேளச் சத்தம். இன்றைக்குச் சமயபுரத்தில் பூச்சொரிதல். டோல்கேட் வழியாகப் போகிற பூத்தட்டுகள் எல்லாம் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகவேண்டும், அப்படியொரு இடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மஞ்சள் புடவைகள், ஒரு லாரி நிறையப் பூ, நடுவில் வழிவிடாமல் ஒரு ஐஸ் வண்டி. இவரை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்காரவைத்தேன். கும்பிட முடிந்தது. வலது கை போன வாரத்தைவிட மேலே வருகிறது. அதற்கு முதல் நன்றி, எழுதிவைக்கிறேன்.

இந்த டைரி பஸ் முதலாளி வீட்டில் பொங்கலுக்குக் கொடுத்தது. இவருக்கு என்ன ஊற்றினேன், எப்போது ஊற்றினேன் என்று இதில் எழுதச் சொல்லியிருக்கிறாள் நஸ்ரின். ஆஸ்பத்திரியில் இவருக்குப் பேசவும் விழுங்கவும் பழக்குகிற பெண் அவள். "சாப்பாடு மட்டும் எழுதினா போதும்மா" என்றாள். எனக்கு ஆரம்பித்தால் நிற்காது. இத்தனை வருஷம் ஒரு கண்டக்டரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். இப்போது அவரால் முடியவில்லை, நான் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

தை மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், வண்டிப் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது. பிடித்துக்கொண்டு நடக்கிறார். தொண்டைதான் திறக்கவில்லை. பேச்சு ஒன்றும் புரியாமல் குழறுகிறது. வாயால் எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடுமாம். அதனால் மூக்கு வழியாகக் குழாய், குழாய் வழியாகச் சாப்பாடு. பங்குனி நடுவில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் விழுங்கவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டு, காலத்துக்கும் அதில்தான் ஊற்றவேண்டும். இவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். சத்திரத்தில் எந்தக் கடையில் எப்போது வடை சூடாக எடுப்பார்கள் என்று பஸ் நேரத்தைவிடச் சரியாகச் சொல்லுவார்.

காலை இளநீர். அப்புறம் பானகம், வடிகட்டி. மத்தியானம் நீர்மோர். மோர் ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது, இன்றிலிருந்து ஆத்தாளுக்கும் இதேதான். மற்ற கோயில்களில் சாமிக்காக ஜனங்கள் விரதம் இருப்பார்கள். சமயபுரத்தில் ஜனங்களுக்காக மாரியம்மாள் பச்சைப் பட்டினி கிடப்பாள். நாலு வாரத்துக்கு அவளுக்கு அடுப்பில் ஏற்றிய சோறு கிடையாது. பச்சரிசி இடித்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். "ஆத்தா, உனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே மெனு" என்று காலண்டரில் இருக்கிற அவளிடம் சொன்னேன். இவர் பாதி வாயால் சிரித்தார்.

வாசலில் போன கூடையில் என் பங்குக்கு அரளி போட்டபோது மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன். அது எனக்கும் அவளுக்கும்.

எனக்கு இன்றைக்குப் பசிக்கவில்லை.


மாசி 25, திங்கள்

இளநீர், பருப்புத் தண்ணி, மோர். ஒரு இருமல்கூட இல்லை. நன்றி. காப்பி குடிக்காததால் எனக்குத் தலைவலி.


மாசி 27, புதன்

லால்குடியிலிருந்து தங்கப்பொண்ணு வந்திருக்கிறாள், இவருடைய தங்கை. ஒத்தாசைக்கு வந்தேன் என்றாள். கையில் ஒரு பை முறுக்கு. வந்து முகம் கழுவவில்லை, அடுக்களைக்குள் நுழைந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாள்.

"அண்ணி, கடுகு எங்க?"

"இந்த வீட்டுல இப்ப தாளிக்கிறதில்ல."

"அண்ணனுக்காகவா, ஆத்தாளுக்காகவா?"

"ரெண்டு பேருக்காகவும்."

"சரி. எனக்காக யாரு பட்டினி கிடப்பா?"

வாசனை பட்டால் மனுஷன் ஏங்கிப்போவார் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கடையில் இட்லி பார்சல் வாங்கி, கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தப் பெண் சாப்பிடுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். இவர் உள்ளேயிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தபடியே இருந்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி?"

"ஆச்சு."

ஆச்சு என்றுதானே சொன்னேன். என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே.

ஒன்று சொல்லவேண்டும். இவரைக் குளிப்பாட்டும்போது அவள் பிடித்துக்கொண்டதில் என் இடுப்பு தப்பித்தது. வாய் நீளம், கை பலம். வந்ததற்கு நன்றி.


மாசி 29, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியில் நஸ்ரின், உதட்டுக்கும் தொண்டைக்கும் பலம் வர ஏதாவது ஊதச் சொல்லி மெழுகுவத்தியைக் காட்டினாள். இவர் ஊதினார். காற்று வலது பக்கமாகப் போனது, மெழுகுவத்தி அசையாமல் எரிந்தது. இவர் முகம் தொங்கிவிட்டது. அப்போது தங்கப்பொண்ணு தன் சுருக்குப்பையைத் துழாவி இவருடைய விசிலை எடுத்து நீட்டினாள். கயிறோடு. சரிந்து விழுந்த அன்றைக்குக் கழுத்தில் இருந்த அதே விசில். காக்கிச் சட்டையைக் கழற்றியபோது எடுத்து இத்தனை நாள் பத்திரமாக வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நஸ்ரின் அதைக் கழுவிக் கொடுத்தாள். முதலில் வெறும் எச்சில். அப்புறம் புஸ். அப்புறம் திடீரென்று 'பீப்' என்று ஒன்று. வராந்தாவில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா, "எந்த ஊரு வண்டி?" என்றார். இவர் கண்ணில் தண்ணீர் ஓடியது. எனக்கும்தான். நஸ்ரின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், நல்ல பெண்.

ஆத்தா, பேச்சு தர இன்னும் நேரமாகும்போலிருக்கிறது, அதுவரைக்கும் விசில் தந்திருக்கிறாய். வாங்கிக்கொண்டேன்.


பங்குனி 2, திங்கள்

வீடு பஸ்ஸாகிவிட்டது. ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் ரைட், போகலாம். ஃபேனை நிறுத்த ஒன்று, நடக்கக் கிளம்ப ரெண்டு. தங்கப்பொண்ணு புலம்ப ஆரம்பித்தால் ஒன்று. நான் புலம்பினாலும் ஒன்று. பால்காரர் மணியடித்தால் உள்ளேயிருந்து இவர் ரெண்டு கொடுக்கிறார், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறார்.

ஓசூரிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். லீவு தீர்ந்து போனவன், வரமுடியவில்லை என்று அழுதான். இவர் ரெண்டு விசில் கொடுத்து அவனை வேலைக்கு அனுப்பினார்.

கேழ்வரகுக் கஞ்சி நீர்க்க, இளநீர், மோர். மோர் கொஞ்சம் மிஞ்சியது, நான் குடித்தேன். வெயில் ஆரம்பித்துவிட்டது.


பங்குனி 4, புதன்

மனசு சரியில்லை. சின்ன விஷயம்தான். எழுதினால் போய்விடும்.

காலையில் நான் கஞ்சிக் கிண்ணத்தோடு போனேன். ஒரு விசில். விளையாடுகிறார் என்று நினைத்து, "வண்டி நிக்கட்டும், கஞ்சி உள்ள போகட்டும்" என்று குழாயைத் திறக்கப் போனேன். இடது கையால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஒரு விசில். என் முகத்தையே பார்த்தார். அப்போது தங்கப்பொண்ணு இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கொடுங்க அண்ணி" என்று கிண்ணத்தை வாங்கினாள். இவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கையை எடுத்தார். அவளுக்கு ரெண்டு விசில்.

மத்தியானமும் அதே கதை. நான் போனால் ஒன்று. அவள் போனால் ரெண்டு.

கூடப் பிறந்தவள் ஊற்றினால் இறங்குகிறது. கட்டிக்கொண்டு வந்தவள் ஊற்றினால் இறங்கவில்லை. சரி, யார் ஊற்றினால் என்ன, வயிறு நிறைகிறதே. இப்படி எழுதுகிறேன், நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது.

கைவளையல் கழன்று கழன்று விழுகிறது. கடைக்காரர் பெரிய அளவாகக் கொடுத்துவிட்டார்போல.


பங்குனி 6, வெள்ளி

அந்தோணிசாமி வந்திருந்தார். இவர் போன பஸ்ஸின் டிரைவர். ரெண்டு பேரும் ஒரே வண்டியில் கிழவராகிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, நாள் முழுக்க ஸ்டாண்டில் நடந்ததையெல்லாம் கொட்டினார். புது கண்டக்டர் சரியில்லையாம்.

"படியில ஆள் தொங்கிட்டிருக்கும்போதே ரைட் கொடுக்கிறான்மா. உங்க வீட்டுக்காரர் அப்படியில்ல. நம்பர் ஒன் டோல்கேட்ல ஒரு கூடைக்கார அம்மா தினம் ஏறும். அது வர்றது தூரத்துல தெரிஞ்சா போதும், ஒரு விசில். நான் ஆக்ஸிலேட்டர்ல கால வச்சிட்டு கத்துவேன், போலாம்யான்னு. ம்ஹூம். கடைசி ஆளோட கால் படியில பட்டாத்தான் ரெண்டாவது விசில். டிக்கெட் எடுக்காத ஆளையும் மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிடுவார், அது வேற."

இவர் ஒரு விசில் கொடுத்தார், போதும் நிறுத்து என்று. அந்தோணிசாமி சிரித்தார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் மெதுவாக, "என்னம்மா, நீங்க பாதியாப் போயிட்டீங்க?" என்றார். அலைச்சல் என்றேன். தன் வீட்டுக்காரியும் வேளாங்கண்ணிக்கு எங்களுக்காக மெழுகுவத்தி வேண்டியிருக்கிறாள் என்றார். எத்தனை பேர் எங்களுக்காக யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.


பங்குனி 8, ஞாயிறு

தங்கப்பொண்ணின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், காலையில் லால்குடி போய்விட்டாள். நாலு நாளில் வருகிறேன் என்றாள். போனதும் வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

இளநீர், ஒரு விசில். கஞ்சி, ஒரு விசில். நான் கெஞ்சினேன். குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி எவர்சில்வர் ஸ்டாண்டைக் காட்டினார். அதில் தட்டுகள் இருந்தன. தட்டைக் காட்டினார், வாயைக் காட்டினார். மறுபடி தட்டு. குழறிக் குழறி ஏதோ சொன்னார். மனுஷனுக்கு இலைபோட்டு உட்கார்ந்து வாயாரச் சாப்பிடவேண்டும் என்று இருக்கிறது, அதைத்தானே கேட்கிறார்? கொடுக்க முடியுமா நான்? கொடுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள்.

தட்டு, கிண்ணம், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் போட்டேன். கண்ணில் படாமல் இருந்தால் ஏக்கம் குறையும். ஏறி இறங்கியதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து ஒரு விசில். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

மோர் மட்டும் பாதி இறங்கியது, அதுவும் இவர் கண் அயர்ந்தபோது.


பங்குனி 9, திங்கள்

ஒன்றும் இறங்கவில்லை. வெந்நீர் கொஞ்சம்.


பங்குனி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். எடை குறைந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் படம் எடுக்கும்வரை காத்திருக்கமுடியாது, அடுத்த வாரமே வயிற்றுக் குழாய்க்கு எழுதிவிடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாவம், அவர் என்ன செய்வார். நஸ்ரின் இவரிடம் குனிந்து, "ஏன் சார், என்ன பிடிக்கலை?" என்று கேட்டாள். இவர் விரலால் என்னைக் காட்டினார். எல்லார் முன்னாலும். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆத்தாளோடு நன்றாகச் சண்டை போட்டேன். இவர் என்மேல் கோபப்பட்டுப் போகப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. வாழப் பிடிக்காதவன்தான் சாப்பாட்டை வேண்டாம் என்பான். "நான் உனக்கு என்ன குறை வச்சேன்? சொன்ன வார்த்தையிலேருந்து ஒரு பருக்கை தவறியிருக்கேனா? நீ என்ன சாப்பிடறியோ அதுதானே நானும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், எழுதியும் விட்டேன். போகட்டும்.

ஒருவேளை நான் செய்வது போதவில்லையோ. அந்த மோரையும் பானகத்தையும்கூட விட்டால் அவள் மனசு இறங்குமோ. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். இனி பச்சைத் தண்ணீர்தான்.

நன்றி எழுதாமல் விடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். ஆட்டோக்காரர் மெதுவாக ஓட்டினார். நன்றி.


பங்குனி 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதவேண்டும்.

காலையில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தேன். இவர் என்னைப் பார்த்ததும் ஒரு விசில். "எனக்காக ரெண்டு வாய் போகட்டும்ங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தரை குளிர்ச்சியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. கஞ்சி என் புடவையெல்லாம். காதுக்குள் விசில், விசில், விசில். நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்கி வாங்கி ஊதியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தோளில் பையோடு தங்கப்பொண்ணு. அப்போதுதான் லால்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். தெருமுனையிலேயே அண்ணன் விசில் கேட்டு ஓடிவந்தாளாம்.

என்னைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். ஜாக்கெட் தளர்ந்து தொங்குவதைப் பார்த்தாள், வளையலை முழங்கைவரை ஏற்றிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா அண்ணி?"

புடவையில் ஒட்டியிருந்த கஞ்சியை வழித்தேன்.

"பூச்சொரிதல்லேருந்தா?"

தலையாட்டினேன்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். அவள் வாய் நிற்காது.

"ஊர்ல உள்ள புள்ளைங்க வயிறு காயக்கூடாதுன்னுதான் அவ தன் வயித்தக் காயப்போடறா. நாம சாப்பிடணும்னு ஒருத்தி பட்டினி கிடக்கிறா, அவளுக்கே போட்டியா நீங்க கிடந்தா, அவ கிடக்கிறதுக்கு என்ன அண்ணி மரியாதை?"

ஊரெல்லாம் அவளோடு சேர்ந்து விரதம் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர், அது அவரவர் பக்தி. நான் இருந்தது பக்தியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பேரம் என்றுதான் தோன்றுகிறது.

தட்டைத் தேடினாள். பரண்மேல் என்றேன். "எதுக்கு?" என்றாள். சொன்னேன், இவர் தட்டைக் காட்டிக் கேட்டதை. அவள் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தட்டை எடுத்துவந்து இவர் முன்னால் நீட்டி, "யாருக்கு அண்ணே?" என்று கேட்டாள்.

இவர் அந்த வராத வலது கையைத் தூக்கினார். என்னைக் காட்டினார்.

நான் என்ன ஜென்மம். நாலு சுவருக்குள், அடுக்களையைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற கண்டக்டர் கண்ணுக்கு, வண்டியில் ஏறாத ஆள் யார் என்று தெரியாதா? இத்தனை நாள் ஊதிய ஒற்றை விசிலெல்லாம் எனக்குத்தான். படியில் கால் வைக்காமல் நான் கீழேயே நின்றிருக்கிறேன், வண்டியை எடுக்கமாட்டேன் என்று இந்த மனுஷன் தன் வயிற்றைக் காயப்போட்டுப் பிடிவாதம் பிடித்திருக்கிறார். நான் இறுக்க இறுக்க அவரும் இறுக்கியிருக்கிறார். என்னமோ என்னை இவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அழுதேனே.

தங்கப்பொண்ணு தன் பையிலிருந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்து மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஒரு வாய் எடுத்தேன். கை நின்றுவிட்டது. "ஆத்தாளுக்குச் சொன்ன வார்த்தை" என்றேன்.

"அவகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க தின்னுங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

தின்றேன். நெய் நாக்கில் பட்டதும் அழுகை வந்தது, முழுங்கவும் முடிந்தது. முழுங்கி முடித்ததும் இவரைப் பார்த்தேன்.

ரெண்டு விசில்.

அப்புறம் கஞ்சி முழுக்க இறங்கியது. நான்தான் ஊற்றினேன்.


பங்குனி 13, வெள்ளி

இவருக்கு: இளநீர், கஞ்சி, பருப்புத் தண்ணி, மோர், மறுபடி கஞ்சி. எல்லாம் ரைட். ஒவ்வொரு வேளையும் முதலில் என் தட்டைப் பார்க்கிறார். கொஞ்சமாக வைத்துக்கொண்டு ஏமாற்றப் பார்த்தேன், ஒரு விசில். மறுசோறு வாங்கியபிறகுதான் வண்டி நகர்ந்தது.

தங்கப்பொண்ணு காலண்டர் முன்னால் நின்று நிஜமாகவே ஆத்தாளிடம் பேசினாள், பேங்க் ஆபீசரிடம் பேசுகிற குரலில். "எங்க அண்ணி தெரியாமப் பண்ணிடுச்சு, மனசுல வச்சுக்காத." இப்படி ஒரு நாத்தனாரை வைத்துக்கொண்டு அவள் சாப்பிடுகிற சத்தத்தைப் பற்றி எழுதினேன் பாருங்கள்.


பங்குனி 15, ஞாயிறு

எடை ஏறியிருக்கிறது. அடுத்த வார ஆபரேஷன் இல்லை, படம் எடுத்துப் பார்த்துவிட்டே பேசலாம் என்றுவிட்டார்கள். பயம் போகவில்லை. பசி வந்துவிட்டது.


பங்குனி 18, புதன்

படம் எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் தங்கப்பொண்ணும். நஸ்ரின் கூழ்மாதிரி ஏதோ வெள்ளையாக ஒரு ஸ்பூன் இவர் நாக்கில் வைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து முழுங்கச் சொன்னாள். டிவியில் இவர் கழுத்து எலும்பெல்லாம் தெரிந்தது. வெள்ளையாக வைத்தது அதில் கரும்பொட்டாகத் தெரிந்தது, வாயிலேயே நின்றது. நின்றது. தங்கப்பொண்ணு என் கையைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிவிட்டது. அப்புறம் அது மெதுவாகக் கிளம்பி, சரியான வழியில் திரும்பி, கீழே இறங்கியது. ரூட் மாறவில்லை.

தண்ணீரைக் கொடுத்தபோது கொஞ்சம் தவறியது. அதனால் மூக்குக் குழாய் இன்னும் சில வாரம் இருக்கும். ஆனால் குழைந்த சாதம், ஸ்பூன் ஸ்பூனாக, தாடையைக் கவிழ்த்து, வாயால் கொடுக்கலாம். வயிற்றில் துளை வேண்டியதில்லை. டாக்டர் சொல்லும்போதே நான் கும்பிட்டுவிட்டேன். "என்னைக் கும்பிடாதீங்கம்மா, சார் நல்லா ஊதியிருக்கார்" என்றாள் நஸ்ரின். விசிலைச் சொல்கிறாள்.

"இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள். இவர் ஒரு விசில் கொடுத்தார். விரலால் ஏதோ எண்ணிக் காட்டினார். எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். சரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆரம்பியுங்கள், ஸ்பூன் பிடிப்பதை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.


பங்குனி 22, ஞாயிறு

இன்றோடு சமயபுரத்தாள் பட்டினி முடிகிறது.

காலையில் குளித்து அடுப்பை மெழுகினேன். சோற்றைக் குழைய வடித்து, மசித்து, தயிர் விட்டேன். தங்கப்பொண்ணுக்காகவும் எனக்காகவும் ரசம். நாலு வாரத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்த சத்தத்துக்கு அவள் கைதட்டினாள். இவர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏங்கிப்போவார் என்று பயந்தேனே, அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மூன்று தட்டு வைத்தோம். தாடையைக் கவிழ்த்து உட்காரவைத்து, ஸ்பூன் நுனியில் தயிர்சாதம் எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

ஒரு விசில்.

புரிந்தது. சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக மென்று, வாயைத் திறந்தும் காட்டினேன். மறுபடி ஸ்பூனை எடுத்தேன்.

ஒரு விசில்.

"நானும் சாப்பிட்டாச்சு அண்ணே, ரெண்டாவது தடவை" என்றாள் தங்கப்பொண்ணு.

ஒரு விசில். இப்போது அழுத்தமாக. வலது கை மேலே வந்தது, அந்த ஸ்டாண்டைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, காலண்டரில் போய் நின்றது. அங்கே ஆத்தா உட்கார்ந்திருந்தாள். நாலு வாரமாகப் பருக்கைச் சோறு காணாதவள். புதன்கிழமை இவர் விரல்விட்டு எண்ணியது அவள் பட்டினி முடிய மிச்சமிருந்த நாளைத்தான், அவளுக்கு முன்னால் தான் சாப்பிடமாட்டேன் என்று.

அவளை நான் எத்தனை கேட்டிருக்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன். அவளுக்குப் பசிக்குமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த ஸ்பூனை அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் ஒரு வெற்றிலையில் வைத்தேன். "சாப்பிடு ஆத்தா. எங்களுக்காகக் கிடந்தது போதும்" என்றேன். வாசலில் ஏதோ லாரி போனது. அவள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் என்று இவர் என்ன கணக்கு வைத்திருந்தாரோ தெரியாது, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

அப்புறம் ரெண்டு விசில்.

விசிலை எடுத்துவிட்டு வாயைத் திறந்தார். வைத்தேன். தாடையைக் கவிழ்த்தார். கழுத்தில் அந்த எலும்பு ஏறி இறங்கியது. இருமல் இல்லை. நாங்கள் மூச்சுவிட்டோம். இவர் நிமிர்ந்து, குழறலாகத்தான், ஆனால் எங்கள் ரெண்டு பேருக்கும் புரியும்படி ஒரு வார்த்தை சொன்னார். "உப்பு." குறைகிறதாம். வாய் வந்ததும் வராததுமாக என் சமையலில் குறை. தங்கப்பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உப்பு எடுக்க உள்ளே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

நஸ்ரினுக்காக எழுதவேண்டியது: காலை, தயிர்சாதம், வாயால், ஆறு ஸ்பூன். குழாயில் இளநீர்.

எனக்கு: ரசம் சாதம், ஒரு தட்டு நிறைய.